கார் ஸ்டீரியோவுக்குப் பென்டிரைவில் பாட்டு அடுக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

போனில் இத்தனை ஆப் இருக்கும்போது இன்னும் பென்டிரைவா என்று கேட்பவர்கள், ஒருமுறை ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறிப் பார்க்கலாம். 40 கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் வந்து வந்து போகும், பாட்டும் அதோடு சேர்ந்து நின்று நின்று பாடும். பென்டிரைவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. டேட்டா வேண்டாம், போன் சார்ஜ் இறங்காது, நடுவில் அழைப்பு வந்து பாட்டை வெட்டாது.

ஆனால் அதற்கென்று தனித் தலைவலிகள் உண்டு. கம்ப்யூட்டரில் அழகாக வரிசையில் இருந்த பாட்டுகள் காரில் கலைந்து வரும். சிலது பாடவே பாடாது. ஆல்பம் பெயர் வர வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு இணையதளத்தின் பெயர் ஓடும். ஒரு பாட்டு கிசுகிசுக்கும், அடுத்தது காதைக் கிழிக்கும். இதில் எதுவும் செட் பழுதானதால் வருவதில்லை. கம்ப்யூட்டர் நமக்காகப் பல வேலைகளைச் சத்தமில்லாமல் செய்துகொள்கிறது, கார் செட் செய்வதில்லை. ஆகவே செட்டின் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதற்கேற்ப அடுக்க வேண்டும்.

முதலில் செட்டை விசாரியுங்கள்

காரோடு வந்த மேனுவல் டாஷ்போர்டு பெட்டிக்குள் கவர்கூடப் பிரிக்காமல் கிடக்கும். அதில் யூஎஸ்பி பற்றிய பக்கம் ஒன்றே ஒன்றுதான். அதை மட்டும் படித்தால் போதும். நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த ஃபார்மேட்டில் உள்ள பென்டிரைவை ஏற்கும், என்னென்ன வகை ஆடியோ ஃபைல்களைப் பாடும், மொத்தம் எத்தனை ஃபோல்டர், எத்தனை ஃபைல் வரை படிக்கும், ஃபோல்டருக்குள் ஃபோல்டர் எத்தனை அடுக்கு போகலாம். ஒரு ஃபோல்டருக்கு 255 ஃபைல், எட்டு அடுக்கு என்பது போன்ற வரம்புகள் பல செட்டுகளில் உண்டு. வரம்பைத் தாண்டினால் செட் எச்சரிக்காது. மீதிப் பாட்டுகள் இல்லாதது போலவே நடந்துகொள்ளும்.

இன்னொன்று, காரில் இரண்டு யூஎஸ்பி துளை இருந்தால் ஒன்று வெறும் சார்ஜிங்குக்காக இருக்கலாம். பேட்டரி அல்லது மின்னல் படம் போட்டிருந்தால் பெரும்பாலும் அதில் என்ன செருகினாலும் பாட்டு வராது. புதிய கார்களில் டைப்-சி துளை மட்டுமே இருந்தால், இரண்டு பக்கமும் முனை உள்ள ஓடிஜி பென்டிரைவ் வாங்கிக்கொள்ளலாம்.

எவ்வளவு பெரிய பென்டிரைவ்?

என் கருத்தில் 32 ஜிபிக்கு மேல் தேவையே இல்லை. கணக்கைப் பாருங்கள். 320 கேபிபிஎஸ் தரத்தில் ஓர் எம்பி3 நிமிடத்துக்கு ஏறக்குறைய 2.4 எம்பி பிடிக்கும், ஐந்து நிமிடப் பாட்டு 12 எம்பி. 32 ஜிபியில் 2,600 பாட்டு அடங்கும். இரவு பகலாக ஓட்டினாலும் தீர 9 நாள் ஆகும். அதற்கு மேல் ஏற்றினால், வண்டியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் செட் மொத்தத்தையும் படித்து முடிக்கும் வரை 'லோடிங்' பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

உருவத்தில் நகம் அளவே வெளியே தெரியும் குட்டி ரகம் வாங்குங்கள். நீளமானது கியர் போடும் கையிலோ பக்கத்தில் இருப்பவர் முழங்காலிலோ இடித்து, பென்டிரைவோடு துளையையும் சேர்த்துக் கெடுக்கும். நானூறு ரூபாய்க்கு 2 டிபி என்று வருவதைத் தொடவே வேண்டாம். அவை கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிகள், கொஞ்சம் நிரம்பியதும் மீதி எல்லாம் குப்பையாகப் பதியும். சந்தேகம் இருந்தால் விண்டோஸில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ', லினக்ஸில் 'எஃப்3' என்ற இலவச மென்பொருள்கள் முழுக்க எழுதிப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும்.

ஃபார்மேட்: ஃபேட்32

ஃபார்மேட் என்பது பென்டிரைவில் ஃபைல்களைப் பதிந்து வைக்கும் முறை. ஏறக்குறைய எல்லா கார் செட்டும் படிப்பது ஃபேட்32. எக்ஸ்ஃபேட்டை சில புதிய செட்டுகள் ஏற்கும், என்டிஎஃப்எஸ்ஸைப் பல செட்டுகள் திரும்பிக்கூடப் பார்க்காது. 64 ஜிபியும் அதற்கு மேற்பட்டவையும் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டாகவே கடையிலிருந்து வரும். 'புது பென்டிரைவ், கம்ப்யூட்டரில் ஓடுது, காரில் ஓடல' என்ற புகாருக்குப் பாதி நேரம் காரணம் இதுதான்.

விண்டோஸில் டிரைவை ரைட் கிளிக் செய்து ஃபார்மேட் போய், ஃபேட்32 தேர்ந்தெடுத்து, அலொகேஷன் சைஸை அப்படியே விட்டுவிட்டு ஸ்டார்ட் கொடுங்கள். 32 ஜிபியைத் தாண்டிய டிரைவுக்கு அந்தப் பட்டியலில் ஃபேட்32 வழக்கமாகத் தெரியாது. அது விண்டோஸின் பழைய கட்டுப்பாடு, ஃபேட்32-இன் எல்லை அல்ல. 'ரூஃபஸ்' என்ற இலவச மென்பொருளில் 'நான்-பூட்டபிள்', ஃபேட்32 இரண்டையும் தேர்ந்தெடுத்து ஃபார்மேட் செய்தால் வேலை முடிந்தது.

மேக் வைத்திருப்பவர்கள் டிஸ்க் யூட்டிலிட்டியில் 'எம்எஸ்-டாஸ் ஃபேட்' தேர்ந்தெடுப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே பெட்டியில் 'ஸ்கீம்' என்று இன்னொரு வரி உண்டு, அங்கே 'மாஸ்டர் பூட் ரெக்கார்ட்' வைக்க வேண்டும். 'ஜியூஐடி பார்ட்டிஷன் மேப்' இருந்தால் பல செட்டுகளுக்குப் பென்டிரைவ் செருகியதே தெரியாது. அந்த வரி தெரியவில்லை என்றால் 'வியூ' மெனுவில் 'ஷோ ஆல் டிவைசஸ்' கொடுத்து, பார்ட்டிஷனை விட்டுவிட்டு மேலே உள்ள டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

மூலப் பிரதி கம்ப்யூட்டரில்

பென்டிரைவுக்குள்ளேயே பெயர் மாற்றுவது, டேக் (பாட்டுக்குள் இருக்கும் விவரச் சீட்டு) திருத்துவது எல்லாம் வேண்டாம். கம்ப்யூட்டரில் 'கார் பாட்டு' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, எல்லா வேலையையும் அங்கே முடியுங்கள். பென்டிரைவில் இருப்பது அதன் நகல் மட்டும். தொலைந்தாலும், சித்திரை வெயிலில் வெந்து செத்தாலும் அரை மணி நேரத்தில் புதிதாக ஒன்று தயார்.

பாட்டு எங்கிருந்து வரும்? பரணில் கிடக்கும் ஆடியோ சிடிக்கள் நல்ல சுரங்கம். பழைய விண்டோஸ் மீடியா பிளேயரிலேயே 'ரிப்' செய்து எம்பி3 ஆக்கலாம். ஐடியூன்ஸ் ஸ்டோரில் வாங்கும் பாட்டுகள் 2009 முதல் பூட்டு இல்லாமல் 256 கேபிபிஎஸ் ஏஏசி ஆக வருகின்றன, இந்த எம்4ஏ ஃபைல்களைப் பல செட்டுகள் பாடும். ஸ்ட்ரீமிங் ஆப்பில் 'டவுன்லோட்' செய்தவை மட்டும் உதவாது. அவை மறைகுறியாக்கப்பட்டவை, அந்த ஆப்புக்கு வெளியே வெறும் எண் குவியல். கடையில் ஆயிரம் பாட்டு ஏற்றி விற்கும் பென்டிரைவில் காப்புரிமைச் சிக்கல் ஒரு பக்கம் என்றால், ஒரே பாட்டு மூன்று பெயரில் இருப்பது இன்னொரு பக்கம்.

ஃபைல் வகையைப் பொறுத்தவரை எம்பி3-ஐ விடப் பத்திரமான தேர்வு இல்லை. தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வகையைக் கேட்கும் காது உங்களுக்கு இருக்கலாம், டயர் சத்தத்துக்கும் ஏசி சத்தத்துக்கும் நடுவே அந்த வித்தியாசம் எவ்வளவு மிஞ்சும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 128-இல் இருக்கும் பாட்டை 320-க்கு மாற்றுவது வீண் வேலை, ஃபைல் பெருக்குமே தவிரப் போன தரம் திரும்பி வராது. வீடியோவிலிருந்து பிரித்தெடுத்த ஃபைலின் கடைசியில் எம்பி3 என்று வெறுமனே பெயர் மாற்றி வைத்திருப்பதும் நிறைய நடக்கிறது. போன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துப் பாடிவிடும், செட்டோ பெயரை நம்பித் திறந்து ஏமாந்து அடுத்த பாட்டுக்குத் தாவிவிடும். 'மீடியா இன்ஃபோ' மென்பொருளில் திறந்தால் உள்ளே இருப்பது எம்பி3-யா வேறொன்றா என்று தெரியும்.

ஃபோல்டர் திட்டம்

இசையமைப்பாளர், படம், ஆண்டு என்று மூன்று அடுக்கில் நூலகம் போல அடுக்கத் தோன்றும். வீட்டுக்கு அது சரி. ஓட்டும்போது ஒரு கை ஸ்டியரிங்கில், கண் ரோட்டில். நாபைத் திருப்பி மூன்று அடுக்கு இறங்கி ஏறுவதற்குள் முன்னால் லாரி பிரேக் போட்டிருக்கும். அதனால் ஒரே அடுக்கு, மிஞ்சினால் இரண்டு. பிரிப்பதும் வேளையையும் ஆட்களையும் பார்த்துப் பிரித்தால்தான் காருக்குப் பொருந்தும்:

01 சாமி பாட்டு
02 எண்பதுகள்
03 புதுசு
04 மலைப்பாதை
05 ராத்திரி
06 குழந்தைகள்
07 அம்மா அப்பா

இங்கே படிக்கத் தமிழில் எழுதியிருக்கிறேன், பென்டிரைவில் ஆங்கில எழுத்தில் வையுங்கள். ஏன் என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன். 'ராத்திரி' ஃபோல்டரில் தாலாட்டு மெட்டுகளை வைக்காதீர்கள், ஓட்டுபவருக்குத் தூக்கம் வரும். நல்ல தாளக்கட்டு உள்ளவையாகப் பார்த்துப் போடுங்கள்.

ஒரு பாட்டு இரண்டு ஃபோல்டருக்குப் பொருந்தினால் இரண்டிலும் காப்பி செய்துவிடுங்கள். பிளேலிஸ்ட் ஃபைல்களைப் பல செட்டுகள் கண்டுகொள்வதில்லை, 12 எம்பி ஒன்றும் பெரிய செலவில்லை. ஒரு ஃபோல்டரில் நூறைத் தாண்டினால் 'எண்பதுகள் ஏ', 'எண்பதுகள் பி' என்று உடையுங்கள். வெளியே எந்த ஃபோல்டரிலும் சேராமல் பாட்டுகளை உதிரியாகப் போட வேண்டாம். பல செட்டுகள் அவற்றை 'ரூட்' என்று தனி ஃபோல்டராக்கி, வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

ஃபைல் பெயர்

எண்ணிடும்போது 1, 2, 3 என்று போட்டால் செட்டில் 1, 10, 11, 2 என்று வரும். கம்ப்யூட்டர் எண்ணை எண்ணாகப் புரிந்துகொண்டு வரிசைப்படுத்துவதால் அங்கே தவறு தெரியாது. செட் எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிறது, அதற்கு 10 என்பது 2-க்கு முந்தியது. 01, 02 என்று சைபர் சேர்த்துவிடுங்கள், நூறைத் தாண்டினால் 001.

எண்ணுக்கு அடுத்தபடியாகப் பாட்டின் முதல் வரி, அதற்குப் பிறகு படம். மாற்றிப் போட்டால் சின்ன டிஸ்ப்ளேயில் படத்தின் பெயர் மட்டும் தெரிந்து பாட்டு மறைந்துவிடும். புள்ளி, கேள்விக்குறி, சாய்கோடு போன்றவற்றைத் தவிர்த்து இடைவெளியும் சிறுகோடும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் தமிழ் எழுத்துரு இல்லாத செட்டில் வெறும் கட்டங்கள் வரிசை கட்டும். எழுத்துரு மட்டும் இருந்து எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாத செட்டோ இன்னும் வேடிக்கை. 'கோ' என்பது யூனிகோடில் முதலில் 'க', பிறகு ஓகாரக் குறி என்று பதிவாகிறது. சேர்க்கத் தெரிந்த கருவி அந்தக் குறியைப் பிரித்து இரட்டைக் கொம்பை முன்னால் போட்டு, காலைப் பின்னால் வைக்கும். தெரியாத கருவி இரண்டையும் 'க'வுக்குப் பின்னாலேயே கொட்டிவிடும், வாசிக்கவே முடியாது. ஆண்ட்ராய்டு செட்டுகள் பெரும்பாலும் தமிழைச் சரியாகக் காட்டும். ஒரே ஒரு பாட்டுக்குத் தமிழில் பெயர் வைத்துச் சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஏதாவது ஒரு முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ழகரத்துக்கு எல் போடுவதா இசட்-எச் போடுவதா, நெடிலுக்கு இரண்டு ஏ-வா ஒன்றா என்று ஒருமுறை முடிவு செய்தால் மாற்றவே கூடாது.

டேக்: உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டு

ஃபைல் பெயரை ஒழுங்குபடுத்திய பிறகும் செட்டில் கன்னாபின்னாவென்று வருகிறதா? பல செட்டுகள் திரையில் காட்டுவது ஃபைல் பெயரை அல்ல, பாட்டுக்குள் இருக்கும் ஐடி3 டேக்கை. பாட்டு, பாடகர், ஆல்பம், ஆண்டு, வரிசை எண், அட்டைப் படம் எல்லாம் அதில்தான். இணையத்தில் இறக்கிய பாட்டுகளில் இந்த ஒவ்வொரு கட்டத்திலும் தளத்தின் பெயரை ஒட்டியிருப்பார்கள். விளைவு, ஆல்பம் பட்டியலைத் திறந்தால் நூறு படங்களின் பாட்டும் ஒரே 'ஆல்பமாக' அந்தத் தளத்தின் பெயரில் குவிந்து கிடக்கும்.

விண்டோஸில் 'எம்பி3டேக்' இலவசம், லினக்ஸில் 'கிட்3' இருக்கிறது. எம்பி3டேக்கில் செய்வது இது. ஒரு படத்தின் பாட்டுகளை எல்லாம் தேர்ந்தெடுங்கள். இடது பக்கக் கட்டங்களில் 'கீப்' என்று இருந்தால், பாட்டுக்குப் பாட்டு வேறு வேறாக உள்ளது, தொடாமல் விடு என்று பொருள். ஆல்பம் கட்டத்தில் படத்தின் பெயரைச் சுத்தமாக எழுதி, காமென்ட் கட்டத்தைக் காலி செய்து, கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் எல்லாப் பாட்டிலும் ஒரே வீச்சில் மாறிவிடும். எல்லாத் தலைப்பிலும் தளத்தின் பெயர் வால் போல ஒட்டியிருந்தால் 'ஆக்‌ஷன்ஸ்' மெனுவில் 'ரீபிளேஸ்' கொடுத்து ஒட்டுமொத்தமாக அறுத்துவிடலாம். டூல்ஸ் மெனுவில் உள்ள 'ஆட்டோ நம்பரிங்' வரிசை எண் போட்டுத் தரும், 'கன்வெர்ட்' மெனு டேக்கை வைத்து ஃபைல் பெயரையும் அமைத்துத் தரும். ஆகவே டேக்கை முதலில் திருத்திவிட்டால் போன பகுதியில் சொன்ன பெயர் வேலை தானாகவே முடிந்துவிடும்.

அமைப்புகளில் ஒரு மாற்றம் அவசியம். டேக்ஸ் பிரிவில் எம்பெக் போய், எழுதும் வகையை 'ஐடி3வி2.3, யூடிஎஃப்-16' என்று வையுங்கள். அதற்கு அடுத்த 2.4 பதிப்பு 2000-இல் வந்தது, இன்றும் அதைச் சரியாகப் படிக்காத செட்டுகள் இருக்கின்றன. ஐடி3வி1 என்பது ஃபைலின் கடைசி 128 பைட்டில் எழுதப்படும் பழைய முறை, அதில் தலைப்புக்கு 30 எழுத்துதான் இடம். பாட்டின் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு நின்றால் உங்கள் செட் அதைத்தான் படிக்கிறது.

அடுத்து, சினிமாப் பாட்டுக்கே உரிய சிக்கல். டேக் முறையை ஒரு பாடகர், ஒரு ஆல்பம் என்ற மேல்நாட்டு வழக்கத்தை வைத்துத்தான் வகுத்திருக்கிறார்கள். நம் படங்களில் ஒரே ஆல்பத்தில் ஐந்து பாட்டு, எட்டுப் பாடகர்கள், ஒவ்வொரு பாட்டிலும் வேறு ஜோடி. 'ஆர்ட்டிஸ்ட்' பட்டியலைத் திறந்தால் ஜோடிக்கு ஒரு வரி வீதம் நூற்றுக்கணக்கில் வரும். இசையமைப்பாளரை 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் போடுவதுதான் முறைப்படி சரி, ஆனால் பல கார் செட்டுகள் அந்தக் கட்டத்தைப் படிப்பதே இல்லை. அதனால் கார் நகலில் ஆர்ட்டிஸ்ட் கட்டத்திலேயே இசையமைப்பாளர் பெயரைப் போட்டுவிடுவது என் வழக்கம். பாடகர் பெயர் வேண்டும் என்றால் தலைப்புக்குப் பின்னால் சேர்க்கலாம். பாடகரைத் தேடிக் கேட்பவர்கள் இதையே தலைகீழாகச் செய்துகொள்ளட்டும், இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

பெயரின் எழுத்தும் முக்கியம். இளையராஜா பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறார்கள், செட்டுக்கு அவர்கள் நான்கைந்து பேர். எம்பி3டேக்கில் ஆர்ட்டிஸ்ட் தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்தினால் இந்த இரட்டைப் பிறவிகள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே பெயராக்கிவிடுங்கள்.

அட்டைப் படம் 500-க்கு 500 புள்ளி போதும், சாதாரண ஜேபெக். 'புரோகிரசிவ்' வகை ஜேபெக்கைப் பல செட்டுகள் காட்டாது.

சத்தத்தைச் சமன் செய்வது

எண்பதுகளின் பதிவு அடக்கமாக ஒலிக்கும், இப்போதைய பாட்டு முழு மூச்சில் அலறும். கலந்து கேட்டால் வால்யூம் நாபிலிருந்து கையை எடுக்க முடியாது. 'எம்பி3கெய்ன்' இதற்கென்றே பிறந்தது. பாட்டை மறுபடி சுருக்காமல், ஃபைலுக்குள் உள்ள ஒலியளவு எண்ணை மட்டும் 1.5 டெசிபல் படிகளாக மாற்றுவதால் தரம் குறையாது, எந்த செட்டிலும் எடுபடும். எல்லாப் பாட்டையும் போட்டு 'டிராக் அனாலிசிஸ்', பிறகு 'டிராக் கெய்ன்'. ஆரம்ப இலக்கு 89 டெசிபலாக இருக்கும். காருக்குக் குறைவாகப் பட்டால் 91, 92 வரை ஏற்றலாம், அதற்கு மேல் போனால் உச்சங்கள் கரகரக்கும். மற்ற சில மென்பொருள்கள் சத்த அளவை டேக்கில் குறிப்பாக மட்டும் எழுதிவைக்கும், கார் செட் அதை மதிக்காது.

காப்பி செய்யும் வரிசை

செட்டுகளில் இரண்டு ரகம். ஒன்று பெயரைப் பார்த்து வரிசைப்படுத்திப் பாடும். மற்றது பென்டிரைவில் எந்த வரிசையில் எழுதப்பட்டதோ அந்த வரிசையில்தான் பாடும். உங்களுடையது எது என்று அறிய, 03, 01, 02 என்று தொடங்கும் மூன்று பாட்டை இதே வரிசையில் ஒவ்வொன்றாகக் காப்பி செய்து செருகுங்கள். 01 முதலில் வந்தால் நிம்மதி, இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். 03 முதலில் வந்தால் தொடர்ந்து படியுங்கள்.

ஃபேட்32-இல் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு பதிவேடு உண்டு. ஃபைல் வர வர அதில் வரி வரியாகப் பதிவாகும். இந்த ரகச் செட் அதை மேலிருந்து கீழே வாசிக்கிறது, அவ்வளவே. ஒரு பாட்டை அழித்தால் அந்த வரி காலியாகும், பிறகு சேர்க்கும் பாட்டு அந்த இடத்தில் போய் உட்காரலாம். 'கடைசியில் போட்ட பாட்டு நடுவில் எப்படி வந்தது' என்பதற்கு விடை இதுதான்.

விண்டோஸில் 'டிரைவ்சார்ட்', லினக்ஸில் 'ஃபேட்சார்ட்' இந்தப் பதிவேட்டையே அகர வரிசையில் மாற்றி எழுதிவிடும். ஃபேட்சார்ட்டை ஓட்டும் முன் பென்டிரைவை அன்மவுன்ட் செய்ய மறக்காதீர்கள். மென்பொருள் வேண்டாம் என்றால், ஃபார்மேட் போட்டுவிட்டு ஒவ்வொரு ஃபோல்டராக வரிசைப்படி காப்பி செய்யுங்கள். உள்ளே உள்ள பாட்டுகளை எல்லாம் தேர்ந்தெடுத்து இழுக்கும்போது முதல் ஃபைலைப் பிடித்து இழுக்க வேண்டும். நடுவில் உள்ள ஒன்றைப் பிடித்து இழுத்தால் விண்டோஸ் அதிலிருந்து காப்பியைத் தொடங்கும், வரிசை அங்கேயே கெட்டது.

காப்பி முடிந்ததும் 'இஜெக்ட்' கொடுத்துப் பிடுங்குங்கள். மேக்கில் காப்பி செய்தால் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் நிழல் ஃபைல்கள் ஒட்டிக்கொண்டு வரும், சில செட்டுகள் அவற்றையும் பாட்டு என்று நினைத்து ஒவ்வொன்றிலும் தடுக்கி விழும். டெர்மினலில் 'டாட்', 'கிளீன்' இரண்டையும் அடிக்கோட்டால் இணைத்த கட்டளையை, 'எம்' தேர்வோடு பென்டிரைவின் மேல் ஓட்டினால் அவை போய்விடும். குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் அழித்த பாட்டுகள் பென்டிரைவிலேயே மறைந்திருந்து இடத்தைப் பிடிக்கும்.

பாடவில்லை என்றால்

செட் பென்டிரைவையே காணவில்லை என்றால் துளை, ஃபேட்32, மேக்கின் ஸ்கீம் என்ற வரிசையில் பாருங்கள். சில பாட்டுகள் மட்டும் தாவினால் ஃபைல் வகையைச் சந்தேகியுங்கள், மீடியா இன்ஃபோ சொல்லும். ஒரே ஒரு பாட்டு வந்ததும் செட் உறைந்து போனால் பெரும்பாலும் அதனுள் இருக்கும் பிரம்மாண்டமான அட்டைப் படம்தான் காரணம், அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். பாட்டின் நீளம் தப்பாகக் காட்டினால் அது விபிஆர் (பாட்டுக்குள்ளேயே இடத்துக்கு இடம் கேபிபிஎஸ் மாறும்) முறையில் சுருக்கிய ஃபைலாக இருக்கலாம். பாடுவதில் குறை இருக்காது, விட்டுவிடலாம்.

புதுப் பாட்டு சேர்க்க ஆசைப்படும்போதெல்லாம் பென்டிரைவைக் கழற்ற வேண்டாம். மூல ஃபோல்டரில் சேர்த்துக்கொண்டே வந்து, மாதம் ஒருமுறை மொத்தமாக அழித்து மறுபடி ஏற்றுங்கள். இரண்டாவது ரகச் செட்டுக்கு வரிசை கெடாமல் இருக்க இதைவிட எளிய வழி கிடையாது. ஒரே அளவில் இரண்டு பென்டிரைவ் இருந்தால் இன்னும் வசதி, ஒன்று காரில் பாடிக்கொண்டிருக்கும்போது மற்றதை வீட்டில் தயார் செய்துகொள்ளலாம்.